முந்நூறு இசைத்தட்டுகள்

தேக்காவின் எல்லைகளை மூக்கே சொல்லிவிடும். பஃபலோ சாலையில் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும், கேம்பல் லேனில் பூச்சரமும் ஊதுவத்தியும், சிராங்கூன் சாலை நெடுக நெய்யும் மசாலாவும். தெற்கே நடந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் வந்தால் இந்த வாசனைகள் நின்றுவிடும். அங்கே, ஜாலான் புசார் தொடங்கும் முனையில், சிம் லிம் டவர் நிற்கிறது. ஒயர், பிளக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், விரல் நகத்தைவிடச் சிறிய மின்னணு உதிரிபாகங்கள் என்று சின்னச் சின்னக் கடைகள் அடுக்கிவைத்த கட்டடம். கோயில் விழாவுக்கு மைக் செட் பார்க்க வந்தவரும், கல்லூரி புராஜெக்டுக்கு சர்க்யூட் தேடும் மாணவரும் ஒரே மின்தூக்கியில் ஏறுவார்கள்.

ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இந்தக் கட்டடத்தைப் படம் எடுப்பதில்லை. ஆனால் சிங்கப்பூரின் மின்னணு இசையைத் தேடி நடக்க வேண்டுமானால், நான் இங்கிருந்துதான் புறப்படுவேன். காரணம், மும்பைக்காரர் ஒருவர்.

சரண்ஜித் சிங் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்தவர். மற்ற நாட்களில் கல்யாணக் கச்சேரி. 1981ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிபி 303 என்ற சிறிய பெட்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் ஒலி கொடுக்கும் கருவி அது. வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே அதைச் சிங்கப்பூரில் வாங்கினார் சரண்ஜித். டிஆர் 808 என்ற தாள இயந்திரம், ஜூபிடர் 8 சிந்தசைசர் ஆகியவற்றோடு அதை இணைத்தார். பத்து ராகங்களை இயந்திரத் தாளத்தின்மேல் வாசித்து, 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பூபாலி, மால்கௌன்ஸ், யமன், கலாவதி... நம் மோகனத்துக்கும் ஹிந்தோளத்துக்கும் கல்யாணிக்கும் வலஜிக்கும் வடநாட்டு உடன்பிறப்புகள். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்டது. யாரும் பெரிதாகச் சீண்டவில்லை.

கிட்டார்காரர்களுக்கும் அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. 1984இல் ரோலண்ட் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடைகளில் மலிவு விலைக்குக் கிடந்த அதை, கையில் காசில்லாத அமெரிக்க இளைஞர்கள் வாங்கினார்கள். 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதன் குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டைக் கொண்டுவந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்று ஓர் இசைவகையே கிளம்பியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஏறக்குறைய அதே ஒலியை ராகங்களில் குழைத்து ஒருவர் தட்டு போட்டிருந்தது அங்கே தெரியாது.

2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லியில் ஒரு கடையில் சரண்ஜித்தின் தட்டைக் கண்டெடுத்தார். பிறகு மும்பையில் ஆளையும் தேடிப் பிடித்தார். 2010இல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற தன்னுடைய சின்னஞ்சிறு லேபிளில் அதை மறுபடி வெளியிட்டார். 28 ஆண்டுகள் கழித்து உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதில் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015இல் காலமானார்.

பெரிய கம்பெனி வெளியிட்டு மறந்த தட்டு அது. ஒற்றை ஆள் லேபிள் ஒன்று அதைத் தூக்கி நிறுத்தியது. அந்தக் கருவி விலைபோன இதே ஊரில் இன்று இயங்கும் சின்ன லேபிள்கள் என்ன செய்கின்றன? வாடகை விலை தெரிந்த யாருக்கும் வரும் கேள்வி இது.

வட்டக் காகிதம்

லேபிள் என்பது முதலில் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம்தான். அதிலுள்ள பெயரே நிறுவனத்துக்கும் ஆகிவந்தது. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் நாய் படம் போட்ட எச்.எம்.வி. என்பார்கள், கொஞ்சம் பிந்தியவர்கள் இன்ரெகோ, எக்கோ என்பார்கள்.

டெக்னோவின் லேபிள்கள் வேறு ஜாதி. அந்த இசை அமெரிக்காவின் கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில், கறுப்பின இளைஞர்களின் கையில் பிறந்தது. பெரிய கம்பெனிகளின் கதவைத் தட்டிக் காத்திருக்காமல், ஆளுக்கொரு லேபிள் தொடங்கிக்கொண்டார்கள். ஹுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ். டெரிக் மே 1986இல் டிரான்ஸ்மேட். கெவின் சாண்டர்சன் 1987இல் கேஎம்எஸ். 1989இல் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' தொடங்கினார்கள். ராபர்ட் ஹூட் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து பிரிந்து 1992இல் மில்ஸின் ஆக்சிஸ் வந்தது. 1994இல் ஹூட்டின் எம்-பிளான்ட் வந்தது.

பெர்லினிலும் இதே கதை. மார்க் எர்னஸ்டஸ் 1989இல் ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். மொரிட்ஸ் ஃபொன் ஓஸ்வால்டுடன் சேர்ந்து 1993இல் பேசிக் சேனல் என்ற லேபிள். அடுத்து, மற்றவர்களின் இசைக்காக 1995இல் செயின் ரியாக்‌ஷன் என்ற கிளை லேபிள். தட்டுக்கு ஒலியைச் செதுக்கித் தரும் பட்டறையும் அதே வட்டாரத்தில் முளைத்தது.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் எப்போதோ இருக்கிறது: வாழையடி வாழை. தாய் வாழை ஒரு தாரோடு முடிந்துபோகும். அதற்குள் பக்கத்தில் நாலு கன்று தலை நீட்டியிருக்கும்.

இந்த லேபிள்கள் பேசும் எண் 300. ஏன் 300? ஒலியை முதலில் ஒரு மூலத்தட்டில் வெட்டுகிறார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுக்கிறார்கள். சூடான பிவிசி கட்டியை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். நூறு தட்டு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் வெட்டுக்கும் அச்சுக்கும் ஆகும் செலவு ஒன்றுதான். நூறே போட்டால் ஒரு தட்டின் விலை யாரும் வாங்க முடியாததாகிவிடும். ஆயிரம் போட்டால் எழுநூறு கட்டிலுக்கு அடியில் தூங்கும். ஆகவே பெரும்பாலான சின்ன லேபிள்கள் முந்நூறு, ஐந்நூறு என்று நிற்கின்றன. எல்லாம் விற்றால் போட்ட காசு வரும். அதை அப்படியே அடுத்த தட்டில் போடுவார்கள்.

அளவுக்கும் காரணம் உண்டு. டெக்னோ தட்டு 12 அங்குலம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு உருப்படிதான். பேஸ் ஒலிக்கு அகலமான வரிப்பள்ளம் வேண்டும். நெருக்கிப் பிடித்து ஆறு பாட்டு போட்டால் சத்தம் மெலிந்துவிடும். ஒரு பாட்டு முடியும் முன்பே டிஜே அடுத்ததைக் கோத்துவிட வேண்டும் என்பதால், முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் பெரும்பாலும் வெறும் தாளமாகவே இருக்கும்.

சுங்கை ரோடு

சிம் லிம் டவரிலிருந்து கால்வாயை ஒட்டிச் சில நிமிடம் நடந்தால் சுங்கை ரோடு. 1930களிலிருந்து அங்கே ஒரு பழைய சாமான் சந்தை இருந்தது. 'திருட்டுச் சந்தை' என்றே எல்லா மொழியிலும் பெயர். தரையில் தார்ப்பாய் விரித்து, பழைய கைக்கடிகாரம், ராணுவ பெல்ட், ரோட்டரி தொலைபேசி, ஒரு ஜோடியில் ஒற்றைச் செருப்பு என எதையும் விற்பார்கள். கேசட்டும் இசைத்தட்டும் குவியலாகக் கிடக்கும். மலாய்ப் பாட்டு, ஹொக்கியன் பாட்டு, தமிழ்ப் படப் பாட்டு எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில். வானொலி நிலையத்தில் மொழிவாரியாக அலைவரிசை பிரித்துத்தான் பாட்டு போடுகிறோம். சுங்கை ரோட்டின் அட்டைப்பெட்டிக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் போனால், இங்கே எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சந்தை நடந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

டெக்னோவுக்கும் பழைய சாமான் கடைக்கும் உள்ள உறவை நினைத்தால் இந்த மூடல் கொஞ்சம் உறுத்தும். வேண்டாம் என்று தூக்கிப்போட்ட கருவியிலிருந்து வந்த இசை அது. வேண்டாத பொருளுக்கு ஓர் இடம் வைத்திருக்கும் ஊரில், காசில்லாத பிள்ளைகளுக்கு எதையாவது கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கும்.

மேளம் போகும் பாதை

டெக்னோ என்றதும் நம்மில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "சொல் இல்லை, ராகம் இல்லை, சும்மா டம் டம் என்று ஒரே அடி" என்பார்கள். அவர்களை நான் தைப்பூசத்துக்கு அழைப்பேன்.

சிராங்கூன் சாலையின் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் காவடி, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைச் சேரும். உறுமி மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்: அங்கே சொல் இரண்டாம் பட்சம். தோலைக் குச்சியால் உரசும்போது வரும் அந்த உறுமல் வயிற்றில் கேட்கும். அதே அடி திரும்பத் திரும்ப வரும். பத்தாவது முறை சின்னதாக ஒன்று மாறும். காவடி எடுப்பவரின் காலில் அந்த மாற்றம் தெரியும். டெக்னோ செய்வதும் இதைத்தான். தாங்கிப் பிடிக்க ஓர் அடி, விழித்துக்கொள்ள ஒரு சிறு மாற்றம்.

1973 முதல் தைப்பூசப் பாதையில் வாத்தியம் வாசிக்கத் தடை இருந்தது. கோயிலுக்குள் மேளம் உண்டு, சாலையில் கிடையாது. 2016இல் ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்திரீட், டோபி காட் கிரீன் ஆகிய மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 43 ஆண்டு இடைவெளி. ஒரு தலைமுறை முழுக்க, சாலையில் மேளம் கேட்காமலே காவடி பார்த்து வளர்ந்தது. அந்தத் தலைமுறையில் நானும் ஒருத்தி. சத்தத்துக்கும் இடம் வேண்டும், அனுமதி வேண்டும், நேரம் வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கிடங்கிலிருந்து

காவடி போய்ச் சேரும் டேங்க் ரோட்டிலிருந்து ரிவர் வேலி சாலை வழியே ஆற்றோரமாக மேற்கே நடந்தால் ஜியாக் கிம் ஸ்திரீட். அங்கே ஆற்றங்கரையில் மூன்று பழைய கிடங்குகள். 1991இல் லிங்கன் செங் அந்தக் கிடங்குகளில் ஸூக் என்ற இரவு விடுதியைத் திறந்தார். உலகின் பெரிய டிஜேக்கள் வந்து வாசித்துப் போன இடம். இந்த ஊரில் பலர் டெக்னோவை முதன்முதலாகச் சரியான ஸ்பீக்கரில் கேட்ட இடம். 25 ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, 2016இன் இறுதியில் கிளார்க் கீக்குப் போனது. கிடங்குகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் இன்னும் நிற்கின்றன. பின்னால் வானளாவும் குடியிருப்பு எழுந்துவிட்டது.

அந்த நடனத் தளங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் வெறும் கேட்பவர்களாக நின்றுவிடவில்லை. 2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் கேவன் ஸ்ப்ரூட் சிங்கப்பூரில் மிட்நைட் ஷிஃப்ட் என்ற டெக்னோ லேபிளைத் தொடங்கினார். பிறகு அது பெர்லினிலும் காலூன்றியது. அதே ஆண்டில் டீன் சியூவும் நண்பர்களும் டார்க்கர் தன் வாக்ஸ் தொடங்கினார்கள். சோல், ஜாஸ், ஹவுஸ் எல்லாம் கலந்த ஒலி அவர்களுடையது. அதே ஆண்டில், ஷின் என்ற பெயரில் இயங்கும் சிங்கப்பூர்க் கலைஞரின் 'ஸோர்ட்' என்ற ஆல்பத்தைப் பெர்லினின் ஸ்ட்ரோபோஸ்கோபிக் ஆர்டிஃபாக்ட்ஸ் லேபிள் வெளியிட்டது. தொழிற்சாலையின் உள்ளே தலையை விட்டதுபோல் ஒலிக்கும் கடுமையான டெக்னோ.

டெக்னோவின் பக்கத்து வீடுகளிலும் விளக்கு எரிந்தது. ரிக்ஸ் ஆங் 2008இல் தொடங்கிய கிச்சன் லேபிள், மெல்லிய, அமைதியான இசைக்குப் பெயர்போனது. அட்டையைக்கூட கைவினைப் பொருள்போலச் செய்வார்கள். உஜிகாஜி என்று இன்னொன்று. மலாயில் 'பரிசோதனை' என்று பொருள். பெயருக்கேற்ப, காதுக்குப் பழகாத ஒலிகளுக்கான இடம்.

இவை எதுவும் பெரிய அலுவலகம் வைத்துக்கொண்டு நடந்தவை அல்ல. இவ்வகை லேபிள்களைப் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் நடத்துகிறார்கள். பகலில் வேறு வேலை. தட்டு வெளிநாட்டு ஆலையில் அச்சாகிக் கப்பலிலோ விமானத்திலோ வருகிறது. வரவேற்பறையில் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. சனிக்கிழமை மாலை உறை மடித்து, முகவரி ஒட்டி, திங்கட்கிழமை அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தட்டுகளில் கணிசமானவை தோக்கியோவுக்கும் பெர்லினுக்கும் லண்டனுக்கும் போகின்றன. பக்கத்துப் புளோக்கில் இருப்பவருக்கு இப்படி ஒரு லேபிள் இருப்பதே தெரியாது.

இதைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த நகரத்தில் இடத்தை நம்ப முடியாது. சந்தை போகும், விடுதி மாறும், கட்டடம் மொத்தமாக விற்கப்படும். தட்டு மட்டும் பல வீடுகளில் சிதறிக் கிடக்கும். முந்நூறு வீடுகளில் இருப்பதை ஒரே நாளில் யாராலும் மூட முடியாது. சிங்கப்பூரின் ஓர் இரவு ஒசாகாவில் ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்பது விசித்திரமான ஆறுதல்.

கடைக்குள் ஒரு கன்று

ஆற்றோடு கீழே இறங்கிக் கடல் பக்கம் வந்தால் எஸ்பிளனேட். டுரியான் ஓடுபோலக் கூரை வைத்த அந்தக் கலையரங்கின் கடைத்தொகுதியில் 2015இல் திறந்த இசைத்தட்டுக் கடை ஒன்று இருக்கிறது: தி அனலாக் வால்ட். உள்ளே போனால் முதலில் கேட்பது, பெட்டியில் அடுக்கிய தட்டு உறைகளை விரலால் தள்ளிப் பார்க்கும் சத்தம். டப்... டப்... டப்... மழை நிற்கும் நேரத்தில் கூரையிலிருந்து சொட்டுவதுபோல.

அந்தக் கடைக்கும் ஒரு கன்று முளைத்திருக்கிறது. டிஏவி ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் அவர்களே தட்டு வெளியிடுகிறார்கள். பெர்லினின் ஹார்ட் வாக்ஸ் கடைக்குப் பேசிக் சேனல் வந்ததுபோல, கடை லேபிள் ஆகிறது. கல்லாவில் நிற்பவருக்கு யார் எதைக் கையில் எடுத்து, யோசித்து, திரும்ப வைக்கிறார் என்பது தெரியும். எந்த ஆய்வு நிறுவனத்தாலும் தர முடியாத தகவல் அது.

உள்ளூர்க் கலைஞர்களுக்கான பிரிவு அங்கே தனியாக இருக்கிறது. நான் போன அன்று அதில் தமிழ்ப் பெயர் ஏதும் கண்ணில் படவில்லை.

ஐந்நூறு தட்டு, ஒரு தமிழ்ப் பெண்

தமிழருக்கும் இந்தச் சின்னத் தட்டுகளுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேறு ஊரில்.

2003இல் லண்டனில் ஓர் ஈழத்தமிழ்ப் பெண், ரோலண்டின் எம்சி 505 என்ற கருவியில் தானே தாளம் அமைத்து ஒரு பாட்டு செய்தார். பாட்டின் பெயர் 'கலாங்'. ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன லேபிள் அதை 500 தட்டுகள் அடித்தது. அந்த 500 தட்டுகள் நடன விடுதிகளில் சுற்றின. அதற்குப் பிறகே எக்ஸ்எல் லேபிள் அவரை அழைத்தது. 2005இல் தந்தையின் இயக்கப் பெயரைத் தலைப்பாக வைத்து 'அருளர்' என்ற ஆல்பம் வந்தது. எம்.ஐ.ஏ. என்ற பெயரை உலகம் தெரிந்துகொண்டது. பிறகு அவரே நீட் என்று ஒரு கிளை லேபிள் தொடங்கி மற்றவர்களின் இசையை வெளியிட்டார். அங்கேயும் வாழையடி வாழைதான்.

இளையராஜா கதை இன்னும் வேடிக்கை. 1980களில் அவர் சிந்தசைசரையும் தாள இயந்திரத்தையும் வைத்துச் செய்தவை நமக்குப் படப்பாட்டு. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் சிறு லேபிளுக்கோ அது தனி மின்னணு இசை. 1977 முதல் 1983 வரையிலான பாடல்களைத் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்று தட்டு போட்டார்கள். சரண்ஜித்தை மீட்ட அதே பாம்பே கனெக்‌ஷனும் 'ஃபயர் ஸ்டார்' என்ற பெயரில் அடுத்த காலகட்டத்துப் பாடல்களைத் தொகுத்தது. நாம் தேநீர்க்கடையில் கேட்டு வளர்ந்ததை, மொழி புரியாத ஒருவர் உறை போட்டு, எண் கொடுத்து, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். பெருமையாகவும் இருக்கிறது, நாம் ஏன் செய்யவில்லை என்றும் இருக்கிறது.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு தேக்காவுக்கே திரும்பிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பகலில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை. வார இறுதியில் உறுமி மேளக் குழு. வீவக வீட்டில் மேளம் அடித்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்பதால், குழு ஒரு தொழிற்பேட்டைக் கிடங்கில் பயிற்சி செய்கிறது. அந்தப் பயிற்சிகளை அவர் ஒலிப்பதிவு செய்து, மடிக்கணினியில் துண்டு துண்டாக வெட்டி, டெக்னோவாக்கியிருக்கிறார். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில், துணிக்கடைகளுக்கு நடுவே நின்றபடி, அவருடைய ஹெட்போனில் கேட்டேன். 808இன் கனமான அடிக்குக் கீழே உறுமி உரசிக்கொண்டு போனது. ஏழு நிமிடம். ஒரு சொல் இல்லை.

"தட்டு போடப் போறேன் அக்கா. முந்நூறு."

"அப்லோட் பண்ணினா உலகமே கேட்குமே தம்பி. முந்நூறு தட்டு யாருக்கு?"

"முந்நூறு பேருக்குத்தான்," என்றார். "அப்லோட் பண்ணினதை எங்க மாஸ்டர் கையில குடுக்க முடியாதுல்ல? நாப்பது வருஷமா அடிக்கிறாரு. அவரு அடிச்சது எங்கயும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. வானொலியில் பத்தாண்டுக்கு மேல் பேசியிருக்கிறேன். பேசிய நொடியே அது காற்றோடு போகும். அந்த வேலையின் இயல்பே அதுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு மேளக்காரரின் நாற்பது ஆண்டு கைவேலை காற்றோடு போவது வேறு. சாலையில் மேளத்துக்குத் தடை இருந்த காலத்திலும் யாரோ அதைக் கோயில் வளாகங்களில் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த ஒலி எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவருடைய தட்டை என் நிகழ்ச்சியில் ஒலிபரப்புவது எளிதல்ல. செய்தி, போக்குவரத்து நிலவரம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஏழு நிமிடம் சொல்லில்லாத இசைக்கு இடம் பிடிக்க வேண்டும். வானொலியில் வார்த்தை இல்லாத இசை என்றால், அதன்மேல் அறிவிப்பாளர் பேசுவார் என்றே வழக்கம். பேசாமல் ஏழு நிமிடம் இருக்க வேண்டுமானால், முதலில் மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பிறகு என்னையும். கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

லேபிளுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை என்றார். ஆனால் தட்டின் எண்ணை முடிவு செய்துவிட்டார்: 001. சின்ன லேபிள்களின் பழக்கம் அது. முதல் தட்டுக்கு வெறும் 1 என்று போடமாட்டார்கள். முன்னால் இரண்டு பூஜ்யம் வைப்பார்கள். கையில் காசு இல்லை, கடையில் இடம் இல்லை, வாங்கப்போகும் முந்நூறு பேர் யாரென்று தெரியாது. ஆனாலும் 999 வரை எண்ணுவதற்கு இடம் விட்டுவைத்துத்தான் தொடங்குகிறார்கள்.